எனக்கு முன் இந்த வீட்டில் வாசித்தவர்

லமாராவைக் கட்டிக்கொண்டு
இந்த வீட்டுக்குள் வந்தபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது.
கையில் ஒரு தோல்பெட்டி, ஒரு ரேடியோ, இரண்டு புத்தகம்.
கூடத்தின் ஒரு சுவர் முழுக்க
உஷாங்கி நின்றுகொண்டிருந்தார்.
செத்து ஒன்பது வருடம் ஆனவர்
இவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்வார் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

குதாயிசியின் லாரித் தொழிற்சாலையில்
முப்பது வருடம் கியர்பாக்ஸ் கழற்றி மாட்டியவன் நான்.
அவரோ பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார்.
முதல் குளிர்காலம் முழுக்க
அலமாரிக்கு முதுகைக் காட்டியே சாப்பிட்டேன்.

தூசி தட்டப் போய்த்தான் பழக்கமானது.
சதுரங்கப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சில்:
'மடையா', 'குதிரையை நகர்த்து',
நாலு பக்கம் தள்ளி, 'அப்போதே சொன்னேனே'.
அச்சடித்த காகிதத்தோடு மல்லுக்கட்டும் மனிதரை
எனக்குப் பிடித்துப்போய்விடுமோ என்று பயந்து
மூடி வைத்தேன்.

காளான் கையேட்டில் இரண்டு பக்கங்கள்
மெழுகு உருகி ஒட்டிக்கிடக்கின்றன.
பிரித்துவிடாதே, என்றாள் லமாரா.
ஏன் என்றதற்கு
அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.
இருபத்து மூன்று வருடம் ஒருவனோடு வாழ்ந்தவளுக்கு
ஒட்டிய பக்கம் ஒன்று இருக்கக்கூடாதா?
கத்தியைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

கலைக்களஞ்சியம் பன்னிரண்டு தொகுதி.
ஏழாவது இல்லை.
மின்சாரமும் எரிவாயுவும் நின்றுபோன ஒரு ஜனவரியில்
தெக்லேவுக்குக் காய்ச்சல். பால் காய்ச்ச வேண்டும்.
நாற்காலிகள் ஏற்கெனவே சாம்பல்.
எதை எரிப்பது என்று
புருஷனும் பெண்டாட்டியும் விடிய விடியச் சண்டை.
கடைசியில், 'கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொடு' என்று
அந்தக் குழந்தையையே தூக்கிக் காட்டினார்களாம்.
தெக்லே இப்போது போலந்தில் பல் மருத்துவர்.
எதைக் கேட்டு விடை தெரியாவிட்டாலும்
'அது ஏழாம் தொகுதியில் இருந்தது' என்பாள் போனில்.
என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை,
காயோஸ் என்றுதான்.
அதுவே எனக்குச் சரி.

கீழ்த்தட்டில் ஒரு தடித்த நாவல்.
இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில்
ஆஸ்பத்திரிக்குப் போகும் நான்காம் நம்பர் பஸ் டிக்கெட்.
அதற்கப்புறம் ஒரு பென்சில் கோடு இல்லை,
ஒரு 'மடையா' இல்லை.
யாரும் மிதிக்காத பனி மாதிரி
வெள்ளையாய்க் கிடந்தன மீதிப் பக்கங்கள்.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன்.
பிறகொரு ராத்திரி, ரியோனி ஆறு வெள்ளத்தில் இரைய,
டிக்கெட் இருந்த இடத்திலிருந்தே படிக்க ஆரம்பித்தேன்.
முன்கதை தெரியாது.
யார் யாருக்குத் தம்பி,
அந்தப் பாலத்தில் எதற்கு அடிதடி,
ஒன்றும் பிடிபடவில்லை.
அதெல்லாம் உஷாங்கிக்குத் தெரியும்.
முடிவு எனக்குத் தெரியும்.
ஆளுக்குப் பாதியாக
ஒரு புத்தகத்தை முடித்திருக்கிறோம்.

எப்படி முடிகிறது? என்றாள் லமாரா, இருட்டில்.
தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.
'மழை பெய்கிறது. தம்பி திரும்பி வருகிறான்.
அண்ணன் கதவைத் திறக்கிறான்.'
கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
'அவருக்குப் பிடித்திருக்காது' என்றாள்.
இரண்டு பேரும்
கட்டில் குலுங்கச் சிரித்தோம்.

டிக்கெட்டை அதன் பக்கத்திலேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, ஏழாம் தொகுதியின் இடைவெளியில்
என் கியர்பாக்ஸ் கையேடு,
முதுகில் என் கட்டைவிரல் கிரீஸோடு.
உயரம் கொஞ்சம் கூடுதல். மேல்தட்டில் இடிக்கிறது.
சாய்த்துத்தான் செருகியிருக்கிறாள்.

என் இன்னொரு புத்தகம்
இன்னும் தோல்பெட்டிக்குள்தான் இருக்கிறது.
லமாரா கேட்கவில்லை.